உப்பு மீற்றர் ராத்தா

என் ஓட்டோவின் பின் சீற்றில் இடது மூலை ராத்தாவுடைய இடம். வலது பக்கத்தில் கயிறு கட்டிய வாளியும் நாலைந்து வெற்றுப் போத்தல்களும் கிடக்கும். அவருடைய கழுத்தில் ஒரு துணிப்பை தொங்கும். அதற்குள் ஒரு சாண் நீளத்தில், ரப்பர் பிடி போட்ட ஒரு குழல். பெட்டியில் எழுதியிருந்த பெயர் ரிஃப்ராக்டோமீற்றர். பாலாவியிலிருந்து கற்பிட்டி வரைக்கும் இறால் பண்ணைக்காரர்கள் அதை உப்பு மீற்றர் என்றார்கள். அதைக் கொண்டுவருகிறவரை உப்பு மீற்றர் ராத்தா என்றார்கள். ராத்தா என்றால் எங்கள் பேச்சில் அக்கா. அவருக்கு உம்மா வாப்பா வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், எப்படியாவது தெரிந்துகொண்டு வந்து, "எங்க, காட்டுங்க பாப்பம்" என்று தாளைப் பிடுங்கி, நான் எழுதிய ஒவ்வொரு இலக்கத்தையும் சரிபார்க்க உட்கார்ந்துவிடுவார்.

நாட்டில் சண்டை முடிந்து இரண்டாம் வருஷம் அது. நான் புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்தவன். கடல் உள்ளே வந்து தேங்கிய களப்பின் ஓரத்தில் இறால் குஞ்சு பொரிக்கிற இடம் ஒன்றிருந்தது. அங்கே வேலை செய்த ராத்தாவைக் காலையில் ஏற்றி, குஞ்சு வாங்குகிற பண்ணைகளுக்கெல்லாம் கொண்டுபோய், குளத்துத் தண்ணீரின் உப்பைப் பார்த்து முடித்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் ஹயர். அவருக்கு அப்போது முப்பத்தாறு வயது. என்னைவிட எட்டு வயது மூப்பு. சொந்த ஊர் மன்னார்ப் பக்கம், கடலோரம். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் விரட்டப்பட்டு, உம்மாவோடும் நானாமார் என்ற இரண்டு அண்ணன்களோடும் புத்தளத்துக்கு வந்து, முகாமில் வளர்ந்து, தொட்டி கழுவுகிற வேலைக்குப் போய், அங்கேயே தண்ணீர் பார்க்கிறவராக ஆகிவிட்டவர்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தத் தண்ணீரையும் தானே பார்த்து, இத்தனை உப்பு என்று சொல்லிவிட்டுப் போகமாட்டார். குழலை எங்கள் கையில் தந்துவிடுவார்.

"நீங்க பாருங்க."

முதல் நாளே எனக்கு அது நடந்தது. ஒரு பண்ணையின் வாய்க்கால் ஓரத்தில் ஓட்டோவை நிறுத்திவிட்டு நிழலில் நின்றேன். ராத்தா களப்புத் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டை எடுத்து, குழலின் முனையில் சரிவாக இருந்த கண்ணாடியில் விட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் மூடியை மெதுவாக மூடினார். குமிழி இருக்கிறதா என்று சாய்த்துப் பார்த்தார். மனதுக்குள் முப்பது வரை எண்ணினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, வாங்க. எத்தன எண்டு சொல்லுங்க."

"நான் டிரைவர்தானே ராத்தா."

"டிரைவருக்குக் கண் இல்லையா?"

வாங்கிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒரே இருட்டு.

"எதிர்ப்பக்கத்தால பாக்குறீங்க தம்பி. அப்பிடிப் பாத்தா தண்ணிதான் ஒங்களப் பாக்கும்."

திருப்பிப் பிடித்தேன். அப்போதும் இருட்டு. நான் திறக்க வேண்டிய கண்ணை மூடி, மூட வேண்டிய கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். ராத்தா வாய்க்கால் வரம்பில் குந்திவிட்டார், சிரிக்க வசதியாக. அவர் சிரித்தால் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும், கண்ணில் தண்ணீர் வழியும். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கண்ணை மாற்றி, குழலை வானத்துப் பக்கம் உயர்த்தினேன்.

"சூரியனப் பாக்காதீங்க, கண் போயிடும். வெளிச்சமான வானத்தப் பாருங்க."

அப்போது தெரிந்தது. வட்டத்துக்குள் மேல் பாதி நல்ல நீலம், கீழ்ப் பாதி வெள்ளை. இரண்டும் சந்திக்கிற கோடு, ஓர் அளவுகோலில் போய் நாற்பத்தைந்தில் நின்றது. நான் கத்தியே விட்டேன்.

"நாப்பத்தஞ்சு!"

"கடல் எத்தன தெரியுமா? முப்பத்தஞ்சு. ஒங்கட களப்பு கடலவிட உப்பு."

"அது எப்பிடி? கடல்லயிருந்துதானே களப்புக்குத் தண்ணி வருது?"

"வெயில் தண்ணியக் குடிச்சிட்டு உப்ப மிச்சம் வச்சிட்டுப் போகுது. அதாலதான் இங்க உப்பளம் வச்சிரிக்காங்க."

எனக்கு வயது இருபத்தெட்டு. அந்தக் களப்பைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன். மன்னாரிலிருந்து வந்த ஒருவர் என் களப்பைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் கோபம் வரவில்லை. நானே பார்த்திருந்தேன் அல்லவா. ஏன் எல்லாரையும் பார்க்க வைக்கிறீர்கள் என்று அன்று திரும்புகிற வழியில் கேட்டேன்.

"நான் சொன்னா அது நான் சொன்னது. நீங்க பாத்தா அது தண்ணி சொன்னது," என்றார்.

கற்பிட்டி வீதியில் அப்போதும் ஒரு சோதனைச்சாவடி இருந்தது. ஒரு காலை அங்கே புதிதாக வந்த கடற்படை இளைஞன் ஒருவன் ஓட்டோவை மறித்து, துணிப்பையைத் திறக்கச் சொன்னான். குழலைக் கண்டதும் அவன் முகம் மாறிவிட்டது. துவக்கில் பூட்டிக் குறி பார்க்கிற கண்ணாடி என்று நினைத்திருப்பான். "மேக்க மொகத்த?" என்றான். இது என்ன என்று கேட்கிறான். அந்தக் காலத்தில் பதில் பிழையாகப் போனால் அரை நாள் போய்விடும்.

ராத்தா இறங்கி, அவனுடைய தண்ணீர்ப் போத்தலைக் கேட்டு வாங்கி, இரண்டு சொட்டு விட்டு, மூடி, முப்பது எண்ணி, அவனிடம் நீட்டினார்.

"பலன்ன, மல்லி." பாருங்க தம்பி.

அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி வாங்கினான். அவனும் எதிர்ப்பக்கத்தால்தான் பார்த்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ராத்தா திருப்பிக் கொடுத்தார். அவன் பார்த்து, "பிந்துவ" என்றான். பூச்சியம். உப்பில்லாத தண்ணீர் என்று ராத்தா சிங்களத்தில் விளக்கினார். முகாமுக்குப் பக்கத்துச் சந்தையில் கற்ற சிங்களம் அது. பிழையும் வேகமும் சம அளவு. அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, நெற்றி வியர்வையை விரலால் வழித்து, இதைப் பார்க்கலாமா என்று கேட்டான். பார்த்தார்கள். நாலு. உள்ளேயிருந்து இன்னொருவன் வந்தான். அவனுடைய வியர்வை மூன்று. சமைக்கிறவன் அகப்பையோடு வந்தான். அவனுடையது ஐந்து. ஐந்து வந்தவனுக்குத் தாங்க முடியாத பெருமை; மற்றவர்களைப் பார்த்து, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டான். எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ்ஸும் இரண்டு வெங்காய லொறியும் நின்று ஹோர்ன் அடித்தன. பஸ் நடத்துநர் இறங்கி வந்து, என்ன சோதனை என்று கேட்டு, தானும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்.

அன்றைக்குப் பிறகு அந்தச் சாவடியில் எங்களை யாரும் மறிக்கவில்லை. தூரத்திலேயே கையைத் தூக்கி, விரல்களால் நாலு, ஐந்து என்று காட்டுவார்கள்.

ஊருக்கெல்லாம் நீட்டுகிற அந்தக் குழலை ராத்தா வைத்திருந்த விதம் வேறு. வாளிக்குள் முக்கக் கூடாது. பைப்பின் கீழே பிடிக்கக் கூடாது. பார்த்து முடிந்ததும் நல்ல தண்ணீர் இரண்டு சொட்டு விட்டு, துவைத்துத் துவைத்துப் பஞ்சு போலாகிவிட்ட ஒரு வெள்ளைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்; தேய்க்கக் கூடாது. உப்புக் காய்ந்தால் கண்ணாடி பழுதாகும், கீறல் விழுந்தால் கோடு மங்கும். வெயிலில் வைக்கக் கூடாது. ஒவ்வொரு நாள் காலையிலும் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, கோடு பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் மேலே உள்ள சின்ன ஆணியை ஸ்குரூ டிரைவரால் திருப்பி நிறுத்த வேண்டும். இதையெல்லாம் எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்.

அப்படிச் சொல்லப்பட்டவன்தான் அதைக் கீழே போட்டேன்.

ஒரு பின்னேரம் பண்ணையொன்றில் வலை அறுந்து கிடந்ததால், "கொஞ்சம் வச்சிரிங்க" என்று குழலை என்னிடம் தந்துவிட்டுப் போனார். நான் அதை முன் தட்டில் வைத்தேன். ஓட்டோவைத் திருப்பும்போது அது உருண்டு, இரும்புப் படியில் பட்டு, மணலில் விழுந்தது. பதறி எடுத்துச் சட்டையால் துடைத்தேன். எண்ணெய்ச் சட்டை. நன்றாகத் தேய்த்துத் துடைத்தேன். வெளியே பார்க்க ஒன்றும் ஆகியிருக்கவில்லை. பைக்குள் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை நாங்கள் போனது ஒரு ஹாஜியாருடைய பண்ணைக்கு. அறுபது வயதுக்காரர், களப்போரத்தில் நாலு குளம். இரண்டு தடவை நோய் வந்து இறால் முழுக்கச் செத்து மிதந்திருந்தது. இது மூன்றாம் தடவை. "இதுவும் போனா குளத்த மூடிட்டு மகன்ட வீட்டில போய்க் குந்திக்கொண்டிரிக்க வேண்டியதுதான்" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். குஞ்சுகள் எங்களுக்கு முன்னமே வேனில் வந்து, ஒட்சிசன் அடைத்த பைகளில் குளத்தில் மிதந்தன. ஒவ்வொரு பைக்குள்ளும் கண்ணிமை மயிர் அளவில் ஆயிரக்கணக்கான இறால் குஞ்சு. பைத் தண்ணீரின் உப்பு முப்பது என்று சீட்டில் எழுதியிருந்தது. குளத்தின் உப்பு அதற்குச் சரியாக இருந்தால் உடனே விடலாம். கூடக்குறைய இருந்தால், குளத்துத் தண்ணீரைக் கோப்பை கோப்பையாகப் பைக்குள் ஊற்றிப் பழக்கித்தான் விட வேண்டும். ஒரேயடியாக விட்டால் குஞ்சுகள் தாங்காது.

ஹாஜியாருக்கு ஒரு நாக்கு இருந்தது. விரலைத் தண்ணீரில் தோய்த்து நாக்கில் வைத்து, கண்ணை மூடி உப்புச் சொல்வார். அன்று அவரிடம் அதற்கு மேலாக ஒரு புது உப்பு மீற்றரும் இருந்தது. வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பியது.

"என்ட நாக்கும் முப்பது எண்டுது, மீற்றரும் முப்பது எண்டுது. பையத் திறங்கடா," என்றார் வேலையாட்களிடம்.

"கொஞ்சம் பொறுங்க ஹாஜியார்," என்று ராத்தா தன் குழலில் குளத்துத் தண்ணீரை விட்டு, அவரிடமே நீட்டினார். "நீங்க பாருங்க."

அவர் பார்த்தார். "முப்பத்தேழு."

ராத்தா அவருடைய மீற்றரை வாங்கிப் பார்த்தார். முப்பது. ஒரே தண்ணீர், இரண்டு குழல், ஏழு வித்தியாசம்.

"அப்ப ஒங்கடதுதான் பழுது," என்றார் ஹாஜியார். "என்டது புதிசு. அகதிப் பொம்பளையொண்டு வந்து என்ட குளத்து உப்ப எனக்குச் சொல்லுற காலமாப் போச்சு."

வேலையாட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ராத்தாவின் முகம் சிவந்தது. ஆனால் அவருக்கு அந்தச் சொல்லைவிட அந்த ஏழுதான் பெரிதாக இருந்தது. குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஹாஜியார், ஒங்கட மீற்றருக்குப் பூச்சியம் வச்சது ஆரு?"

"நான்தான். கிணத்துத் தண்ணி ஊத்தி வச்சன்."

"எந்தக் கிணறு?"

அவர் தென்னைக்குப் பக்கத்திலிருந்த கிணற்றைக் காட்டினார்.

"அதக் குடிக்கிறீங்களா?"

"சீ, அதக் குடிக்க ஏலுமா? உவர்."

"உவர் எண்டு தெரிஞ்சுமா பூச்சியம் வச்சீங்க?"

ஒரு வேலையாள் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டான்.

ஆனால் ராத்தா அதைக் கொண்டாடவில்லை. "என்டதும் சரியெண்டு சொல்ல ஏலாது," என்றார். "காய்ச்சி வடிச்ச தண்ணி நேத்தோட முடிஞ்சிது. இண்டைக்கிப் பூச்சியம் பாக்கயில்ல. அந்தத் தண்ணி இப்ப வேணும்." வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பைகள் சூடாகிக்கொண்டிருந்தன. பொரிக்கிற இடத்துக்குப் போய் வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும்.

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஓட்டோவின் சீற்றுக்கு அடியில் பற்றரிக்கு ஊற்றுகிற தண்ணீர் அரைப் போத்தல் கிடந்தது. ஓடிப்போய் எடுத்துவந்தேன். ராத்தா போத்தலில் எழுதியிருந்ததை எழுத்து எழுத்தாக வாசித்தார்.

"அசிட் இல்லையே?"

"இல்ல ராத்தா. வெறும் தண்ணி. வடிச்ச தண்ணி."

முதலில் ஹாஜியாருடைய மீற்றரில் ஒரு சொட்டு. ஹாஜியாரே பார்த்தார். கோட்டைக் காணோம். ஒரே நீலம். கோடு பூச்சியத்துக்கும் கீழே இறங்கி எங்கேயோ போயிருந்தது. அடுத்து ராத்தாவுடையதில் ஒரு சொட்டு. ராத்தா பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"மூண்டு," என்றார். "என்டதும் பொய் சொல்லுது. நேத்துக் காலைல பாக்கக்குள்ள நல்லா இரிந்திச்சே."

ஹாஜியார் என்னைப் பார்க்கவில்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பைகளுக்குள் குஞ்சுகள் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தன.

"நேத்து என்ட கையால விழுந்திட்டு ராத்தா," என்றேன். "சொல்லப் பயந்திட்டன்."

அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். குழலை என்னிடம் நீட்டினார்.

"பாருங்க."

பார்த்தேன். வெள்ளை மூன்றாம் கோடு வரை ஏறி நின்றது.

"எத்தன?"

"மூண்டு."

"சத்தமா."

"மூண்டு ராத்தா."

"சட்டையாலயா தொடச்சீங்க? கண்ணாடியில எண்ணெய் முழுக்க."

"ஓம்."

"அது அந்த மூண்டுக்கும் மேலான பிழை," என்றார். தோள் குலுங்கத் தொடங்கியது. ஹாஜியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உவர்க் கிணற்றில் பூச்சியம் வைத்தவருக்குத் துணையாக நான் ஒருவன் கிடைத்த சந்தோஷம் அவருக்கு.

ராத்தா இரண்டு கண்ணாடிகளையும் துடைத்து, பற்றரித் தண்ணீரில் இரண்டையும் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தார். குளத்துத் தண்ணீர் இரண்டிலும் விடப்பட்டது. ஹாஜியார் ஒரு கண்ணுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தார். "முப்பத்திநாலு. இதிலயும் முப்பத்திநாலு." அவர் குரலில் கல்யாணம் பொருந்தி வந்தது போல ஒரு நிம்மதி. அவரை நம்பி விட்டிருந்தால் குஞ்சுகளைத் திடீரென்று உப்பில் தள்ளியிருப்போம். ராத்தாவுடையதை நம்பியிருந்தால் தேவையில்லாமல் வெயிலில் வைத்து வேக வைத்திருப்போம். வேலையாட்கள் பைகளுக்கு மேல் நிழலுக்குத் தென்னோலைக் கிடுகு பிடித்தார்கள். நாங்கள் எல்லாரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஆளுக்கொரு கோப்பையோடு, சில நிமிஷத்துக்கு ஒரு தடவை பைக்குள் குளத்துத் தண்ணீர் ஊற்றினோம். ஒவ்வொரு தடவைக்கும் ஹாஜியார் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்து முழங்கினார்: "முப்பத்தொண்டு." "முப்பத்திரெண்டு." முப்பத்திநாலு வந்ததும் பைகளைச் சரித்தோம். குஞ்சுகள் புகை போலப் பரந்து குளத்துக்குள் போயின. ஹாஜியார் ராத்தாவிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. கரையேறியதும் தன் கதிரையை அவருக்கு இழுத்துப் போட்டுவிட்டு, தான் தென்னங்குற்றியில் உட்கார்ந்தார்.

தேத்தண்ணீர் வந்தது. ஹாஜியார் குடிக்கவில்லை. தன் மீற்றரைத் திறந்து, தேத்தண்ணீரில் ஒரு சொட்டு விட்டார். பார்த்தார். எழும்பி நின்றார்.

"எழுவத்தஞ்சு. களப்பவிட உப்பு. என்னத்தப் போட்டா இவ?" மனைவியைக் கூப்பிடப் போனார்.

ராத்தாவால் பேச முடியவில்லை. கதிரையின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். மூச்சு வந்த பிறகுதான் சொன்னார். "ஹாஜியார், அதுக்கு உப்பு எண்டு தெரியாது, சீனி எண்டும் தெரியாது. தண்ணிக்குள்ள எதக் கரைச்சாலும் வெளிச்சம் வளைஞ்சு போகும். எவ்வளவு வளையுது எண்டு மட்டும்தான் அது காட்டும். ஒங்கட தேத்தண்ணியில சீனி."

"இவ்வளவு சீனியா?" என்றார் அவர், இன்னும் கவலையாக.

அந்த அறுவடை அவருக்கு நன்றாக வந்தது. அதற்கு உப்பு மட்டும் காரணமில்லை என்று ராத்தா எல்லாரிடமும் சொன்னார். ஹாஜியார் எல்லாரிடமும் உப்பு மட்டும்தான் காரணம் என்றார். அவர் தன் மீற்றரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போகத் தொடங்கினார். ஒரு தடவை மீன் ஆணத்தில், அதுதான் குழம்பில், ஒரு சொட்டு விட்டு, கண்ணாடி முழுக்க எண்ணெய் படிந்து, குற்றம் செய்த பிள்ளை போல ராத்தாவிடம் கொண்டுவந்து நின்றார். ராத்தா அதைச் சவர்க்கார நுரையால் துடைத்துக் கொடுத்துவிட்டு, இனி ஆணத்துக்கு நாக்கைப் பாவிக்கச் சொன்னார்.

அடுத்த வருஷம் ராத்தாவின் வீட்டில் ஒரு பிரச்சினை கிளம்பியது. மன்னாருக்குத் திரும்பிப் போகலாம் என்று ஆகியிருந்தது. அவருடைய உம்மா போயே தீருவேன் என்றார். மூத்த நானாவுக்குப் புத்தளத்தில் துணிக்கடை; அவருக்குப் போக விருப்பமில்லை. அவர் ஒரு தடவை தனியாகப் போய் வந்து, கிணற்றைத் துப்புரவாக்கிக் குடித்துப் பார்த்ததாகவும், கடல் தண்ணீர் உள்ளே வந்து கிணறு உப்பாகிவிட்டதாகவும் சொன்னார். கிணறு உப்பென்றால் அங்கே இருக்க முடியாது. இளைய நானா யார் என்ன சொன்னாலும் ஓம் என்பவர். உம்மா அழவில்லை. "உப்பு மீற்றர வீட்டில வச்சிக்கொண்டு நாக்குக் கதையா கதைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

என் மச்சானின் வேனை எடுத்துக்கொண்டு நான் அவர்களைக் கூட்டிப்போனேன். எலுவன்குளம் தாண்டிக் காட்டுப் பாதை. வழி முழுக்க உம்மா முன் சீற்றிலிருந்து எந்த மரம் எங்கே நின்றதென்று சொல்லிக்கொண்டு வந்தார். பாதி பிழை, ஆனால் யாரும் திருத்தவில்லை. ஊரில் வீடு இருந்த இடத்தில் சுவர் முழங்காலளவு நின்றது. சுற்றிலும் பற்றை. கிணறு மட்டும் முழுசாக இருந்தது.

ராத்தா வாளியில் மேல் தண்ணீரை எடுத்தார்.

"மேல் தண்ணி மழைத் தண்ணி," என்றார் மூத்த நானா. "அடியில பாருங்க."

"அதையும் பாப்பம் நானா. உப்புத் தண்ணி பாரம், அடியிலதான் கிடக்கும்." ஒரு போத்தலில் கல் கட்டி அடி வரைக்கும் இறக்கி, மூடியைக் கயிற்றால் இழுத்துத் திறந்து, நிரம்பியதும் தூக்கினார். பூச்சியம் சரிபார்த்தார். சொட்டு விட்டார், மூடினார், எண்ணினார். பார்க்கவில்லை. நேராக மூத்த நானாவிடம் நீட்டினார்.

மூத்த நானா நெடுநேரம் பார்த்தார். "சரியாத் தெரியல்ல," என்று இளையவரிடம் கொடுத்தார். இளையவர் பார்த்து, மூத்தவர் முகத்தைப் பார்த்து, மறுபடி குழலைப் பார்த்து, "எனக்கும் அப்பிடித்தான்" என்றார். உம்மா கையை நீட்டினார். அவருக்குச் சின்ன இலக்கம் தெரியாது. குழலை இரண்டு கையாலும் பிடித்து வானத்தைப் பார்த்தார்.

"வெள்ளையே இல்ல மகள்," என்றார். "ஒரே நீலம்."

பிறகு என்னிடம் தந்தார்கள். கோடு பூச்சியத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. ஒன்றைக்கூடத் தொடவில்லை. நான் சொல்லவேண்டியிருந்தது, சொன்னேன். உம்மா அந்தப் போத்தலைப் பிடுங்கி அண்ணாந்து குடித்தார். முந்தானை நனைந்தது. மிச்சத்தை மூத்த நானாவின் தலையில் ஊற்றினார். கடை வைத்திருக்கிற, தாடி நரைத்த மனிதர் அசையாமல் நின்று நனைந்தார். பிறகு அவரும் சிரிக்கத் தொடங்கினார்.

திரும்பும் வழியில் கலா ஓயாப் பாலத்தருகே வேனை நிறுத்தினோம். மற்றவர்கள் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுளூச் செய்ய இறங்கினார்கள். ராத்தா என் பக்கத்து யன்னலடியில் வந்து நின்றார்.

"தம்பி, எனக்கும் போக விருப்பமில்ல," என்றார். "இங்க எனக்கு வேலை இரிக்கு. ஓட்டோவில ஒரு மூலை இரிக்கு. நான் தனியப் பாத்திரிந்தா அஞ்சு எண்டு சொல்லியிரிப்பன். ஆருக்கும் தெரிஞ்சிரிக்காது."

"அப்ப என்னத்துக்கு எல்லாருக்கும் காட்டினீங்க?"

"அதுக்குத்தான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு நான் ஒருபோதும் கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. ராத்தா வாய்விட்டுச் சிரித்தார். பாலத்தடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த உம்மா நிமிர்ந்து, என்னடி என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டிவிட்டு மேலும் சிரித்தார். கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைக்கவும் இல்லை. அழுகையும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை.

மழைக்கு முன்னமே அவர்கள் போய்விட்டார்கள். மூத்த நானா கடையோடு புத்தளத்தில் தங்கினார். உம்மாவும் இளையவரும், தன் குழலோடு ராத்தாவும் போனார்கள். பொரிக்கிற இடத்தில் அவருடைய வேலைக்குப் படித்த ஒரு பையன் வந்தான். நல்ல பையன். பார்ப்பான், எழுதுவான், ஏறுவான். நான் ஒருநாள், எத்தனை என்று கேட்டேன். உங்களுக்கு எதற்கு என்று கேட்டான்.

மறு வருஷம், வெங்காயம் நடுகிற காலத்தில், கற்பிட்டி விதை வெங்காயம் இரண்டு மூட்டை கேட்டு ராத்தா போன் எடுத்தார். மச்சானின் வேனில் கொண்டுபோனேன். வீட்டுக்குக் கூரை வந்திருந்தது. வேலிக்கு வெளியே ஒரு கூட்டம். திரும்பி வந்த குடும்பங்களின் பெண்கள், முப்பது பேருக்குக் குறையாது, ஆளுக்கொரு போத்தலோடு நின்றார்கள். ஒவ்வொரு போத்தலிலும் அவரவர் கிணற்றுத் தண்ணீர். ராத்தா நடுவில் முக்காலியில் உட்கார்ந்து சொட்டு விட, அவர்கள் ஒவ்வொருவராகக் குழலை வானத்துக்குத் தூக்கி இலக்கத்தைக் கத்தினார்கள். ஒன்று என்று கத்தினவளை மற்றவர்கள் கட்டிப் பிடித்தார்கள். பூச்சியம் வந்த ஒருத்தி போத்தலோடு வீட்டுக்கு ஓடினாள். நோன்புப் பெருநாள் காலை போல இருந்தது அந்த முற்றம்.

கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணுக்கு ஆறு வந்தது. அவள் குழலைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றாள். ராத்தா துடைத்து, புதிய சொட்டு விட்டுக் கொடுத்தார். அப்போதும் ஆறு. அவளுக்குப் பின்னால் இருந்தவளுக்கு ஏழு. கடல் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் அப்படித்தான் வந்தன.

ராத்தாவின் உம்மா குசினிக்குள்ளிருந்து வந்தார். எத்தனை என்று யாரிடமும் கேட்கவில்லை. குழந்தையை அந்தப் பெண்ணின் கையிலிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஆறும் ஏழும் வந்தவங்க எல்லாம் குடம் கொண்டு வாங்க. எங்கட கிணத்தில அள்ளுங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மகன், நீங்க வெங்காயத்த இறக்கிட்டுச் சும்மாதானே நிக்கிறீங்க?"

பின்னேர அஸர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை அள்ளினேன். நான் அள்ள அள்ளக் குடங்கள் கூடின. பெண்கள் என் வேகத்தைப் பற்றி ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருத்தி என் வியர்வையை ராத்தாவிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். ராத்தா முக்காலியிலிருந்து விழாத குறை. பொழுது சாய்ந்து வேனை எடுக்கும்போது இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து, ஸ்டியரிங்கைத் தொட முடியாமல் எரிந்தன. மணிக்கட்டாலேயே திருப்பித் திருப்பி, காடு முடிந்து எலுவன்குளம் வரும் வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.